பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சட்டி

அந்த வாழைத்தாரை ஒருத்தரும் தொடக்கூடாது என்று அய்க்கா ஊரைக் கூட்டித் தண்டோரா போடாத குறைதான். வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்ற முஷாரே வாழை அது. குலை தள்ளிய அன்றே முட்டுக்கம்பு கொடுத்து, கம்பின் தலையில் தன் பழைய சிவப்புத் துணியில் ஒரு கிழிசலையும் கட்டிவிட்டாள். மகன் எலினாமியின் மனைவி அனாயேலிக்கு அப்போது ஆறாம் மாதம். குலை முற்றுவதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் சரியாக இருக்கும் என்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

மத்தோரிக்கு முஷாரேதான் வேண்டும். மற்ற காய்களெல்லாம் எவ்வளவு வேகவைத்தாலும் திப்பிதிப்பியாக நிற்கும். முஷாரே மட்டும்தான் எலும்புச் சாற்றில் விழுந்து அரை மணியில் வெண்ணெயாகக் குழையும். கிளிமஞ்சாரோவின் இந்தச் சரிவில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது. மாட்டுக்கறியும் எலும்பும் வாழைக்காயும் சேர்ந்து கொதித்த மத்தோரியை மாமியார் கையால் காலையும் மாலையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டும். அதில்தான் பால் ஊறும், உடம்பு தேறும். மூன்று மாதம் கழித்து அவள் வெளியே வரும்போது கன்னத்தில் சதை பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊர்ப் பெண்கள் மாமியாருக்கு மார்க் போடுவார்கள். அந்த மார்க்கில் ஒன்றுகூடக் குறைய விடுவதாக அய்க்காவுக்கு எண்ணமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சிஃபாம்மாவுக்கு இதைப் பார்த்தாலே வாய் ஊறும், சாப்பிட அல்ல, பேச.

"என்ன எலினாமியம்மா, தாருக்குக் காவலா நாயைக் கட்டலையா?"

"நாய் தூங்கிடும். நான் தூங்க மாட்டேன்."

"சட்டி ஏத்தினா எனக்கும் ரெண்டு கரண்டி குடுத்து அனுப்பு."

"அதுக்கென்ன, நீயும் போய் ஒண்ணு பெத்துட்டு வா. தர்றேன்."

அறுபதைத் தாண்டிய சிஃபாம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பெறாதவளுக்கு மத்தோரி கிடையாது. அது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்றவளின் பேர். அதுவும் சட்டம்தான். அதனால் அய்க்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை பெற்றுவிட்டால் ஒரு பெண்ணை அந்தப் பிள்ளையின் அம்மா என்றுதான் ஊர் கூப்பிடும். அவளுடைய சொந்தப் பேர் அதோடு தேவாலயப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். அய்க்காவையே அய்க்கா என்று கூப்பிட ஊரில் இப்போது ஆளில்லை. அந்தப் பேருக்கு மறுபடி ஒரு சொந்தக்காரி வரப்போகிறாள் என்று, பிறப்பதற்கு முன்பே மருமகளை அதை வைத்தே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "ஏ அய்க்காம்மா, தண்ணிக் குடத்தைக் கீழ வை." "அய்க்காம்மா, வாய்க்கால் வழுக்கும், மெதுவா நட." அனாயேலி சிரிப்பாள். "பையனாப் பொறந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?" "பொறந்தவனைத் திருப்பி அனுப்பிடுவேன்," என்பாள் அய்க்கா.

இந்தப் பேச்சை நினைத்துப் பிறகு அவள் எத்தனை முறை தன் நாக்கைச் சபித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

பெண்தான் பிறந்தது. ஒரு புதன்கிழமை விடிகிற நேரம், சாலை முக்கில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில். அழுதது. அய்க்கா அதைத் தன் காதால் கேட்டாள். பிறகு மூச்சு சரியாக இழுக்கவில்லை என்றார்கள். அவர்களும் முடிந்ததையெல்லாம் செய்துதான் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்லி ஆறுதல் தேடக்கூட வழியில்லாதபடி மதியத்துக்குள் அந்தக் குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அனாயேலியை மறுநாள்தான் வீட்டுக்கு விட்டார்கள். அதற்குள் மகன் எலினாமியும் அவன் சித்தப்பாவும் தோப்பில் குழி வெட்டிக் காரியத்தை முடித்துவிட்டிருந்தார்கள்.

"அடையாளம் ஒண்ணும் வைக்காத," என்று அய்க்கா மகனிடம் சொன்னாள். "வச்சா அதையே பாத்துக்கிட்டு நிப்பா."

புதன்கிழமை சாயங்காலமே வெட்டுக்கத்தியை எடுத்துப் போய் அந்த முஷாரேத் தாரை ஒரே வெட்டில் சாய்த்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பீன்ஸ் போட்டுக் காய் முழுவதையும் பெரிய பானையில் அவித்துப் பரிமாறினாள். சிவப்புத் துணிக் கிழிசல் அடுப்புக்குள் போயிற்று. வந்த பெண்கள் சாப்பிட்டார்கள். என்ன தார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் கேட்கவில்லை.

அய்க்கா கல்நெஞ்சக்காரி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. மத்தோரி சாப்பிட்டால் பால் ஊறும். குடிக்க வாய் இல்லாத பால் ஊறி என்ன, கட்டிக்கொண்டு காய்ச்சலில் தள்ளும், வலியில் உயிர் போகும். மத்தோரியைக் கொடுக்காமல் விட்டால் பால் வராது, பால் வராவிட்டால் நினைப்பும் வராது. மருமகளுக்குத் தன்னால் செய்ய முடிந்த ஒரே நல்லது இதுதான் என்று அவள் முழு மனதாக நம்பினாள். வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அய்க்காம்மா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அனாயேலியின் கட்டிலருகே சோளக்களியும் கீரையும் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுவா அத்தை?" என்றாள் அனாயேலி.

"இதுதான் அனாயேலி. சூடா இருக்கு, சாப்பிடு."

அனாயேலி தட்டைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை தரித்த பிறகு தன் பேரை மாமியார் வாயால் இப்போதுதான் கேட்கிறாள்.

"இது எல்லாரும் சாப்பிடுறதுதானே," என்றாள்.

அய்க்காவுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தட்டு போனபடியே திரும்பி வந்தது. துக்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று அய்க்கா மகனிடம் சொன்னாள். அவன் மாட்டுக்கொட்டகையைக் கழுவப் போனான். திங்கட்கிழமை விடிந்ததும் வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டான். ஆண்பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ள எப்போதும் ஒரு வண்டி இருக்கிறது.

அன்று காலை மாட்டுக்குப் புல் அறுத்து முதுகில் சுமந்து வந்த அய்க்கா, தோப்புக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டு நின்றாள். அனாயேலி குனிந்து வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிஃபாம்மா கையில் வாளியோடு அசையாமல் நின்றாள்.

அய்க்கா புல்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன காரியம்டி பண்ற? வை கீழ."

"ஏன் அத்தை?"

"ஆறு நாள்கூட ஆகல. யாராவது பாத்தா என் மூஞ்சில காறித் துப்ப மாட்டாங்களா? பிள்ளை பெத்தவ மண்வெட்டியைத் தொடலாமா?"

அனாயேலி நிமிர்ந்தாள். "பிள்ளை பெத்தவதான தொடக்கூடாது? நான்தான் பெறலையே."

"என்ன பேச்சு இது?"

"பெத்திருந்தா அடுப்புல சட்டி ஏறியிருக்குமே. நாலு நாளா உள்ள படுத்து மூக்கை வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். சோளக்களி வாசனைதான் வருது. என் தாரை வெட்டி ஊருக்கே பந்தி வச்சீங்களாமே. உங்க மகனைக் கேட்டா சுவத்தைப் பாக்குறாரு. நீங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. வெறும் வயித்தோட வந்தவதான் நான், அப்படித்தான? அப்ப வேலை செய்யணும்ல."

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்," என்றாள் அய்க்கா. "மத்தோரி சாப்பிட்டா பால் ஊறும்டி. குடிக்க ஆளில்லாம அது கட்டிக்கிட்டா என்ன பாடுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அனாயேலி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். மார்பைச் சுற்றி ஒரு பழந்துணியை இறுக்கி முடிந்திருந்தாள். துணி இரண்டு பக்கமும் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து விறைத்துப் போயிருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே தோல் சிவந்து பளபளத்தது.

"சனிக்கிழமையே வந்துடுச்சு அத்தை. உங்க சட்டியைக் கேட்டுக்கிட்டா வரும் அது?"

அய்க்கா கிட்டே வந்து அந்தத் துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"நீங்க கேக்கலையே."

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் இதே தோப்பில் அய்க்கா இப்படி நின்றிருக்கிறாள். முதல் பிள்ளை ஆண். நாலு நாள் இருந்தான். மாமனாரின் பேரை வைத்தார்கள். அவன் போன மூன்றாம் நாள் அவளுடைய மாமியார் அவள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, வேலை செய்தால் மறந்துவிடும் என்றாள். ரவிக்கை நனைய நனைய அவள் பீன்ஸுக்கு மண் கொத்தினாள். சட்டி ஏறவில்லை, ஆனாலும் பால் வந்தது; அவன் நாலு நாள் குடித்ததால்தான் வந்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். அதற்குப் பிறகு எலினாமி பிறக்கிறவரை மூன்று வருஷம் ஊர் அவளை அய்க்கா என்றுதான் கூப்பிட்டது. பிள்ளை பெறாதவளைக் கூப்பிடுகிற மாதிரி.

அவனைப் புதைத்த குழியின் மேல் ஒரு வாழை நின்றது. ஆனால் வாழை நின்ற இடத்தில் நிற்காது. தாய்மரம் விழும், பக்கத்தில் கன்று எழும், அது விழும், அதன் பக்கத்தில் இன்னொன்று எழும். முப்பத்துநாலு வருஷத்தில் தோப்பே நகர்ந்துவிட்டது. எத்தனையோ நாள் சாணி கொட்டப் போகிற சாக்கில் தேடிப் பார்த்திருக்கிறாள். எந்த இடம் என்று அவளுக்கு இப்போது சத்தியமாகத் தெரியாது.

மறந்துவிடும் என்று சொன்னார்களே, எங்கே மறந்தது? அந்தப் பொய்யைத்தான் பத்திரமாக வைத்திருந்து மருமகளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

குனிந்து மண்வெட்டியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு கிழக்கு ஓரத்தில், வாய்க்காலுக்குப் பக்கத்தில் மண் லேசாக மேடிட்ட இடத்தைக் கை காட்டினாள்.

"அங்கதான் இருக்கா. நாளைக்கு நாலு பக்கமும் வேலிச்செடி நட்டுக் கட்டிடலாம். வாழை நகரும். அது நகராது."

அனாயேலி அந்த இடத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"உள்ள போய்ப் படு," என்றாள் அய்க்கா.

"சட்டி ஏறுமா அத்தை?"

"ஏறும்."

சொல்லிவிட்டாள். ஆனால் தார்? தன் கையாலேயே வெட்டி ஊருக்குப் போட்டாயிற்று. மிச்சமிருந்த முஷாரேக்கள் எல்லாம் விரல் பருமன் பிஞ்சு. அய்க்கா வேலியருகே போனாள். சிஃபாம்மா இன்னும் அதே இடத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பாள். கேட்காத மாதிரி நடிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"சிஃபாம்மா, உன் முஷாரே ஒண்ணு முத்தியிருக்குல்ல?"

"இருக்கு. சனிச் சந்தைக்குன்னு விட்டு வச்சிருக்கேன். எதுக்கு?"

ஆறு நாளாக அவள் சொல்லாத வார்த்தை.

"வீட்ல பிள்ளை பெத்தவ இருக்கா. மத்தோரி வைக்கணும்."

சிஃபாம்மா வாளியைக் கீழே வைத்தாள். "அப்பாடா," என்றாள். "நீ எப்ப வந்து கேப்பேன்னுதான் அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நெஞ்செலும்பு வாங்கிட்டு வா போ. நான் வெட்டி, தோலைச் சீவி வைக்கிறேன். இன்னைக்கு எனக்குக் கரண்டியெல்லாம் வேண்டாம்."

சாலை முக்கில் கறி வாங்கி வந்து அய்க்கா அடுப்பின் மூன்று கல்லையும் பார்த்துப் பார்த்து நகர்த்தி, தாயார் வீட்டுச் சீதனமாக வந்த பெரிய சட்டியை ஏற்றினாள். நெஞ்செலும்பும் கொழுப்பு ஒட்டிய கறியும் உப்பும் ஒரு முழு வெங்காயமும் போட்டுத் தண்ணீர் விட்டாள். நுரை பொங்கப் பொங்க எடுத்து வீசினாள். அவசரப்பட்டால் மத்தோரி வராது. எலும்பு தன்னிடம் இருப்பதையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்து வெளுக்கிறவரை அடுப்படியை விட்டு நகரக்கூடாது. இரண்டு மணி நேரம் அவள் நகரவில்லை.

சிஃபாம்மா சீவிக் கொடுத்த காய்கள் உப்புத் தண்ணீரில் கறுக்காமல் கிடந்தன. அவற்றை நறுக்கிச் சாற்றில் போட்டாள். இரண்டு கேரட், நான்கு தக்காளி, கொஞ்சம் இஞ்சி. மூடி போட்டாள். வாழைப்பால் பட்டுக் கை விரலெல்லாம் கறை. காய் வெந்து மஞ்சள் பூத்ததும் கறியைத் தனியே எடுத்து நார்நாராகப் பிய்த்தாள். மரத் துடுப்பால் காயை மசித்தாள். முதலில் கட்டிகட்டியாக எதிர்த்து நின்றது, பிறகு வழிக்கு வந்தது. கறியை மறுபடி சேர்த்து, அன்று கடைந்த வெண்ணெயில் ஒரு உருண்டையை நடுவில் போட்டாள். அது உருகி ஓரத்துக்கு ஓடியபோது வாசனை எழுந்து கதவுக்குள் போயிற்று. உள்ளே கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

மரக்கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு வாசற்படிவரை வந்தவள் நின்றுவிட்டாள். கிண்ணத்தை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதாது. வெறும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எந்த மூஞ்சியோடு உள்ளே போவது?

"அய்க்காம்மா," என்று கூப்பிட்டாள். "எந்திரி. ஆறிடப் போகுது."

அனாயேலி எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மாமியாரின் வாயையே பார்த்தாள், இன்னொரு முறை சொல்லமாட்டாளா என்பதுபோல. பிறகு முகம் கோணி அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இப்போதுதான் வாய்விட்டு அழுகிறாள். அய்க்கா கட்டிலில் உட்கார்ந்து அவளைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். இருவர் துணியும் பாலில் நனைந்தது. அய்க்கா துடைக்கவில்லை.

அழுகை அடங்கிய பிறகு ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். நான்கு நாள் பட்டினி கிடந்த வயிறு. முதல் இரண்டு கரண்டி தடுமாறிப் போயிற்று. பிறகு அனாயேலி கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டு பாதிவரை சாப்பிட்டாள்.

"நாளைக்கும் உண்டா?" என்றாள்.

"மூணு மாசமும் உண்டு. ஒரு நாள் குறைஞ்சா என்னை என்னன்னு கேளு. ஊரு உன் கன்னத்தைப் பாத்து எனக்கு மார்க் போடணும்."

அனாயேலி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பால் கட்டினா என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியும்னீங்க. எப்படி அத்தை? எலினாமி நல்லாத்தான பொறந்தாரு?"

அய்க்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவனுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். நாலு நாள்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் அதைப் பேசினதே இல்ல."

"உங்களுக்குச் சட்டி வச்சாங்களா?"

அய்க்கா இல்லை என்று தலையை அசைத்தாள்.

"பேர் என்ன?"

எத்தனை வருஷமாக வாயில் வராத பேர். வருமோ வராதோ என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வந்தது.

"கிலேவோ," என்றாள்.

அனாயேலி கரண்டியில் வழிய வழிய மொண்டாள். கறியும் வெண்ணெயும் விழுகிற மாதிரி பார்த்து மொண்டாள். மாமியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏய், இது பெத்தவளுக்கு வச்சது. நான் சாப்பிடக்கூடாது."

"அதனாலதான் குடுக்கறேன்," என்றாள் அனாயேலி. "வாயைத் திறங்க, கிலேவோம்மா."

அய்க்கா வாயைத் திறந்தாள். சிஃபாம்மாவின் முஷாரே நன்றாகத்தான் குழைந்திருந்தது. அவளால்தான் விழுங்க முடியவில்லை.